பிளந்த கறுப்புக் கண்ணாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் படியேறும்போது எட்டிப் பார்க்கிறது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், பாதிதான் நம்புகிறேன். போனில் என்றால் அம்மா பிடுங்கிக்கொண்டு தானே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சூரிய வடிகட்டி போன மாதமே வந்து, தொலைநோக்கியின் முன்வாயில் டப்பா மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. உன் கையால் சோதித்து அனுப்பியது என்று அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷமாக வெல்டிங் நெருப்பைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தவனுக்கு, இந்த மெல்லிசுத் தாளா சூரியனைத் தடுக்கப்போகிறது என்று ஒரு இளக்காரம். கண்ணை வைக்கிற முனையில் திருகும் அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடியை "தூக்கிக் குப்பையில போடுங்கப்பா" என்று நீ எத்தனை தடவை சொன்னாய். நான் போடவில்லை, டூல்பாக்ஸில் பத்திரமாக வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் பட்டறை முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். சூரியனில் பெரிய கரும்புள்ளி தெரிகிறது என்று நீ சொல்லியிருந்தாயே, அதைக் காட்டலாம் என்று. ஆட்கள் கூடிவிட்டார்கள், முதலாளி கல்லூரியில் படிக்கும் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீ எழுதியபடி வடிகட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் நகக்கீறல் நீளத்துக்கு ஒரு கிழிசல். மேலே ஸ்பானரைப் போட்டு வைத்தது நான்தான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்றைக்கு முடியாது என்றேன். முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கறுப்புக் கண்ணாடிதான் வெச்சிருக்கியே, அதை மாட்டு. நாங்க என்ன நாள் முழுக்கவா பாக்கப்போறோம்" என்றார். அந்தப் பெண் குனிந்து கண்ணை வைக்கத் தயாராக நின்றது. மாட்டினால்தான் என்ன என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் "வெயிலை வாசல்லயே தடுக்கணும்ப்பா, உள்ள வந்து ஒரு புள்ளியில குவிஞ்சா எந்தக் கண்ணாடி தாங்கும்" என்று நீ சொன்னது காதில் கேட்டது. யாரையும் கண் வைக்க விடமாட்டேன், வேண்டுமானால் சும்மா மாட்டிக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் பத்தடி தள்ளி நிறுத்தினேன். கண்ணாடியைத் திருகி, குழாயின் நிழல் தரையில் சின்ன வட்டமாகச் சுருங்கும்வரை சூரியனுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு நானும் விலகிக்கொண்டேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, டப்பென்று ஒரு சத்தம். முன்வாயை மூடிவிட்டுக் கழற்றினேன், கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

முதலாளி மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "யாருய்யா உனக்கு இதெல்லாம் சொன்னது" என்று கேட்டார். என் பொண்ணு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, கிரேன்காரர் மேலேயிருந்து "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சிரித்தார்.

கண்ணு, நீ இந்தத் தொலைநோக்கி வேலைக்குக் கிளம்பியபோது, கண்ணாடி துடைக்கவா இவ்வளவு தூரம் போகிறாள் என்று உன் சித்தப்பாவிடம் நான் சொன்னேன். உன் காதுக்கும் வந்திருக்கும், நீ ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நேற்று அவன் வீட்டுக்கே போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடமும் சொல்கிறேன்.

வேறு வடிகட்டி அனுப்பு, இந்த முறை தனி மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறேன். நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும், எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைவாக இரு என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
பட்டறையில் இப்போது "அந்தப் பொண்ணோட அப்பா" என்று பெயர் எடுத்திருக்கும்
உன் அப்பா