யாரும் படிக்கலாம் என்று திறந்துவிட்ட இதழ்

சோம்பா,
ஞாயிறு மாலை

அன்புள்ள லிம்பானிக்கு,

உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் கிளாஸ்கோ குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை, சோளம் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அக்கா தடாலா இப்போது என்னோடு இருக்கிறாள். வியாழக்கிழமை விசாரணைக் குழு அவளுடைய மருத்துவச்சி உரிமத்தைப் பறித்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஆயுள் முழுக்க நீதிமன்றச் செய்தி எழுதியவள் நான், நடந்ததை மறைத்துப் பழக்கமில்லை.

மருத்துவச்சிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நீ திரையில் தோன்றி, சங்கத்தின் இதழை யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் படிக்கட்டும் என்று பேசினாயே, அன்று பொருளாளர் எலுபி எழுந்து, "தம்பி, எல்லாரையும் சும்மா படகுல ஏத்தலாம், டீசல் யார் ஊத்துறது?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். நன்கொடை வரும், எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நன்கொடை ஒரு வருஷம் வந்தது, பிறகு நின்றது. கட்டணம் என்றதும் நம் ஊர் மருத்துவச்சிகள் எழுதுவதை விட்டுவிட்டார்கள். சும்மா கிடைப்பதற்கு வெளிநாட்டு நூலகங்கள் எதற்குச் சந்தா கட்டும்? விசாரணையில் மாட்டும் உறுப்பினர்களுக்காகச் சங்கம் ஒரு வக்கீலை வைத்திருந்தது அந்தச் சந்தாவில்தான்.

திறந்தது தப்பு என்று எழுதமாட்டேன். குளிர்பெட்டி பழுதாகி, பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி கெட்டுப்போனால் அதற்குப் பதில் எந்த மாத்திரை கொடுப்பது என்ற கட்டுரையைத் தடாலா தான் வேலை பார்த்த ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து போனில் படித்தாள். அதை வைத்து இரண்டு பெண்களைக் காப்பாற்றினாள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்குக் கொடுக்க மாத்திரையே இல்லை, மாவட்டக் கிடங்குக்குக் கேட்டு அனுப்பியும் வரவில்லை. அவள் இறந்துபோனாள். அவளுடைய கணவர் நசோம்பே, மீனவர், அதே கட்டுரையைத் தன் போனில் தேடிப் பிடித்துப் படித்து, அச்செடுத்துக்கொண்டு புகார் கொடுத்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

விசாரணையில் உன் அக்கா தனியாக நின்றாள். இந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறாயா என்று தலைவர் கேட்டார். சந்தா கட்டிய காலமாக இருந்தால் இதழ் எங்கள் நிலையத்துக்கு வருவதில்லை என்று சொல்லியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். இவள் முகம் மலர்ந்து, "பல தடவை படிச்சிருக்கேன் ஐயா, இதை எல்லாருக்கும் கிடைக்கச் செஞ்சதே என் தம்பிதான்" என்றாள். "அப்போ தெரிஞ்சேதான் செய்யாம விட்டியா?" என்றார் அவர். மாத்திரை இல்லை என்றாள். அத்தாட்சி கேட்டார்கள். அது மாவட்டக் கிடங்குப் பதிவில் இருக்கிறது, அதை வரவழைக்க வக்கீல் மனு போட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எலுபி, "போன வருஷம்னா நம்ம வக்கீல் இங்க நின்னிருப்பாரு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

வெளியே பேருந்துக்கு நிற்கும்போது நசோம்பே என்னிடம் வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பத்திரிகைக்காரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அம்மா, எங்களமாதிரி ஆளுங்களும் படிக்கட்டும்னு இதைத் திறந்துவிட்டவர் யாருன்னு தெரியுமா? அவருக்கு என் நன்றியைச் சொல்லணும்" என்றார். தெரியும், சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குழந்தைக்கு என் முத்தம். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அக்காவைக் கூப்பிட்டால் அழாதே. அழுதால் அவள் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், அதற்கு அவளிடம் இப்போது தெம்பில்லை.

உன் அம்மா,
எஸ்நாத்