கரிநாக்கு வந்த வழி

ரவாங்
4.8.2025

அன்புத் தோழி வெரோனிகாவுக்கு,

புஷ்பவல்லி ஆசையோடு எழுதுவது. சுகம்தானே? போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜைப் பார்க்கிறாய், பதில் இல்லை. உன் மகள் பிரெண்டாவின் கல்யாணக் கார்டு நம் தோழி வாணி வீட்டு ஐஸ்பெட்டி மேல் நிற்கிறது. எனக்கு மட்டும் வரவில்லை. தபால்காரன் தின்றுவிட்டானோ?

என் சந்தேகம் வேறு. இந்தக் கரிநாக்குக்காரி வாய் திறந்தால் கெட்டது பலித்துவிடும் என்று பயமோ? அதனால்தான் கடிதம். காகிதத்துக்கு நாக்கு கிடையாது லா.

உன் புஷ்பா


சுங்கை வே
11.8.2025

புஷ்பா,

கார்டு தீர்ந்துவிட்டது. உனக்கோ முட்டிவலி, தேவாலயத்தில் படிகள் அதிகம். உன்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று என் வீட்டுக்காரரும் சொல்கிறார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரெண்டாவுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளையைப் பார்த்து, "இவன் கோயில் வரைக்கும் தாங்க மாட்டான்"னு சொன்னது யார்? மூன்றே மாதத்தில் ஓடிப்போனான்.

வெரோனிகா


ரவாங்
17.8.2025

அடி வெரோ,

முட்டிவலி எனக்கா? போன மாதம் பத்துமலை ஏறிய போட்டோவுக்கு நீதானே முதல் லைக் போட்டாய்?

அந்தப் பையன் இரண்டு போன் வைத்திருந்தான். ஒன்றைக் குப்புறவே வைத்திருந்தான். அதைச் சொல்ல நாக்கு எதற்கு, கண் போதும்.

அந்தப் பெயர் வந்த கதை மறந்துவிட்டதா? சின்ன வயதில் கேரி தீவுத் தோட்டத்தில் புதர்ப் புதராகச் செண்டுடுக் பழம் பறித்துத் தின்று நம் இரண்டு பேர் நாக்கும் கருத்திருந்தது. "கிராணி மோட்டார் லோங்கான்ல விழப் போகுது பாரு!" என்று கத்தியது நீ. மோட்டார் சைக்கிள் சாக்கடையில் விழுந்தது. தோட்டக் கணக்கெழுதும் அந்தக் கிராணி சேறும் சகதியுமாக எழுந்து வந்தார். "எவடி சொன்னது? நாக்க நீட்டுங்க!" நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். நான் நீட்டினேன். "இதான் கரிநாக்கு!" என்றார். பழக்கறை மறுநாளே போய்விட்டது, பெயர் போகவில்லை. நாற்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டே சுமக்கிறேன்.

இப்போது சொல்கிறேன், கேள்: பிரெண்டா நன்றாக வாழ்வாள். என் நாக்கு பலிக்குமென்றால் இதுவும் பலிக்கும். பலிக்காதென்றால் என்னைக் கூப்பிட உனக்கு என்ன பயம்?

புஷ்பா


சுங்கை வே
24.8.2025

புஷ்பா,

கார்டு இதோடு இருக்கிறது. உன் பெயர் எழுதி மூன்று வாரமாக என் கைப்பையிலேயே கிடந்தது.

நேற்றுச் சாப்பிடும்போது பிரெண்டாவிடம் சொல்லிவிட்டேன், அன்று கத்தியது நான்தான் என்று. அவள் கை கழுவாமலே எழுந்து வந்து, "எங்க மம்மி, நாக்க நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன்.

வெரோ