வாராவாரம் நீ எழுதுகிறாய்

அன்புள்ள கண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நான் போடும் மெயில் உனக்கு வந்து சேருகிறதோ என்னவோ, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

எங்கள் முதியோர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரி மாணவி சம்பளம் வாங்காமல் வந்து சொல்லித்தருகிறாள். சரியான வாயாடி. முதல் பாடமே பிள்ளைகளுக்கு மெயில் போடுவதுதான். நானும் உனக்குப் போட்டேன்.

அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக, "என்னம்மா, பையன் பதில் போட்டாரா?" என்றாள்.

"வேலையா இருப்பான்" என்றேன்.

அதற்கடுத்த வாரமும் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக மெயில் முகவரி தொடங்கவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். உன் பெயரில் ஒன்று தொடங்கி, அதிலிருந்து எனக்கே நாலு வரி எழுதிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று குதித்தாள்.

அன்றிலிருந்து வாராவாரம் எழுதுகிறாய். என் முழங்கால் வலியை விசாரிக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, நல்லவிதமாகத்தான் எழுதுகிறாய்.

போன வாரம் கை சும்மா இராமல், மாதக் கடைசியில் வருவதாக எழுதிவிட்டாய். "அன்னிக்கு நானும் வர்றேம்மா, அவரைப் பாக்கணும்" என்கிறாள் அவள். ஸ்டேஷன் மாஸ்டர் இப்போதே எந்த வண்டி என்று கேட்கிறார்.

உனக்கு வசதிப்படாவிட்டால் பரவாயில்லை. வரமுடியாது என்று நீயே ஒரு வரி எழுதிவிடு, கண்ணா. அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

அம்மா