குப்பை வாளியில் கிடந்த போத்தல்

மேர்சி,

தொழிலுக்குப் போறன், விடியத்தான் வருவன். வீட்டைப் பூட்டி, திறப்பைக் கோழிக்கூட்டுக்கு மேலை வைச்சிருக்கிறன்.

குப்பை வாளியிலை ஸ்டவுட் பியர் போத்தலைக் கண்டவுடனை, "குடிக்க மாட்டன் எண்டு அந்தோனியாருக்கு முன்னாலை செய்த சத்தியத்தையும் குடிச்சுப்போட்டியள்" எண்டு சொல்லிப்போட்டு அக்கா வீட்டை போயிட்டாய். ஊதிக் காட்டட்டோ எண்டு கேட்க வாய் வந்தது. வெக்கமாயிருந்தது, விட்டிட்டன்.

குசினிக்கை எட்டிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். அந்த ஸ்டவுட் முழுக்கக் கேக்குக்குள்ளை போயிட்டுது. பிரான்சிலை பிள்ளை லவீனா வீட்டிலை சாப்பிட்டுப்போட்டு வந்து நெடுகச் சொல்லுவியே, அந்தச் சொக்கலேட் கேக்தான். அதுக்குள்ளை ஸ்டவுட் இருக்கிறது உனக்குத் தெரியாது. அவள் ஃபோனிலை சொல்லச் சொல்ல, அவள் அனுப்பின எயார் ஃபிரையரிலை செய்தன். மேல்பக்கம் கருகிப்போச்சு, சீவி விட்டிருக்கிறன். ஈர்க்காலை குத்திப் பாத்தன், நடு வெந்திட்டுது.

இண்டைக்கு உன்ரை பிறந்தநாள். கோவம் ஆறினால் வெட்டு.

ஜெறோம்

எறும்பு வரும், மூடி வை.

சீனி காணுமோ தெரியாது. ஸ்டவுட் ஊத்தின மா எண்டபடியாலை, நான் விரலிலை தொட்டும் ருசி பாக்கேல்லை.