மாஸ்கோவிலிருந்து வந்த பேரிங்

பிளசேத்தாஸ்,
அக்டோபர் 9

அன்புள்ள ரெய்னியருக்கு,

நலம்தானே? இங்கே நம் லிசெத்துக்கு முன்பல் விழுந்து முளைக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன் அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நான் கூப்பிடும்போதெல்லாம் உன் தொலைபேசி மணியடித்து மணியடித்து ஓய்ந்துபோகிறது. அதனால்தான் மாஸ்கோவுக்குச் சரக்கு வாங்க வரும் மிரேயாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ரேஷனில் தருவதுபோல் பட்டாணி கலக்காத நல்ல காப்பித்தூள் ஒரு பொட்டலம். வழியில் அவளே குடித்துத் தீர்க்காமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும்.

நம் லாடா கார் படுத்துவிட்டது. சந்தையிலிருந்து திரும்பும்போது இஞ்சினின் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். பக்கத்தில் இருந்த உன் அப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு பொண்ணே, உடனே அணைச்சிடு" என்றார். தள்ளிக்கொண்டுதான் போனோம். பட்டறையில் நிவால்தோ இஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டான். பிஸ்டனைத் தாங்கும் ராடு ஒன்றின் பேரிங் தகடு தேய்ந்து தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பே தெரிகிறது. அதற்குள் சுற்றுகிற கிராங்க் தண்டிலும் கோடு விழுந்திருக்கிறது.

கார் ஓடாமலே மாதக்கணக்கில் இருந்து பழகியவர்கள்தானே நாம், என்ன அவசரம் என்று நீ கேட்கலாம். அப்பாவின் தொண்டைக் கரகரப்பு சளியால் வந்தது இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து சாந்தா கிளாரா நகர ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை, சனி ஞாயிறு தவிர தினமும் போய்வர வேண்டும். நோயாளிகளை ஏற்றிப்போகும் வண்டி தூரத்துக் கிராமங்களுக்கே போதவில்லை. ஆள் ஏற்றும் லாரியில் நின்றுகொண்டு போக அவரால் முடியாது. இடையிடையே நாள் விட்டுப் போனால் சிகிச்சையால் பலன் இல்லையாம். ஆகவே கார் ஓட வேண்டும். ஆறேழு வாரம் ஓடினால் போதும், அப்புறம் துருப்பிடித்தாலும் எனக்குக் கவலையில்லை.

பேரிங் விஷயத்தைக் கவனமாகப் படி. நிவால்தோ நம்மூர் வழக்கப்படிதான் பேசுகிறான். "எந்த அளவு பேரிங் கெடைக்குதோ அத மொதல்ல என் கையில குடு, அதுக்குத் தக்கன கிராங்கைத் தேய்ச்சுக்கிறேன். பேரிங் வராம லேத்துல ஏத்த மாட்டேன்" என்கிறான். கிராங்க் ஏற்கெனவே அரை மில்லிமீட்டர் தேய்த்தது. அதைத் தேய்த்து வாங்கியவனே நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிசெத் பிறந்த வருஷம் நம் படுக்கை விரிப்பில் சுற்றி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். குழந்தையைக்கூட நீ அவ்வளவு பயந்து தூக்கவில்லை. இன்னும் தேய்த்தால் தண்டு மெலியும், அதற்கு ஈடான தடித்த தகடாக இப்போது முக்கால் மில்லிமீட்டர் அளவு வேண்டும். அது இல்லையென்றால் ஒரு மில்லிமீட்டர். அதுதான் கடைசி அளவு, அதற்குமேல் உலகத்தில் எங்கும் பேரிங் செய்வதில்லையாம். புதுக் கிராங்குக்குப் போடுகிற ஸ்டாண்டர்டு அளவு வேண்டவே வேண்டாம். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பந்தயக்காரர்கள் போடுகிற ஒசத்திச் சாமான் தேவையில்லை. அங்கே டாக்ஸிக்காரர்கள் எதைப் போடுகிறார்களோ அது போதும். போலியாக மட்டும் இருக்கக் கூடாது. இங்கே ஒருவன் பழைய பேரிங் வைத்திருக்கிறான். நிவால்தோவிடம் காட்டினேன். "அடுத்தவன் கால்ல தேஞ்ச செருப்பு உனக்கு எதுக்கு" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டான்.

மார்ச்சோடு நீ போய் இரண்டு வருஷம். அதற்குள் திரும்பாவிட்டால் இந்த நாட்டில் உனக்கு இருப்புரிமை இல்லை என்று சட்டம். அப்பா அதை நம்பித்தான் இருக்கிறார். சட்டத்துக்குப் பயந்தாவது பையன் வருவான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொள். உன்னைக் கடவுள் காக்கட்டும்.

உன்,
ஒதாலிஸ்


பிளசேத்தாஸ்,
ஜனவரி 27

ரெய்னியருக்கு,

நீ அனுப்பிய பார்சல் நவம்பரில் சிகிச்சை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்தது. அழகாகக் கட்டியிருந்தது, ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டு. உனக்கு ஷூ கயிறே ஒழுங்காகக் கட்ட வராது. யார் கொடுத்தது என்று மிரேயாவிடம் கேட்டேன். அவள் என் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பொம்பள வந்து குடுத்துட்டுப் போச்சு, அவருக்கு வேலையாம்" என்றாள். காப்பி பிடித்திருந்ததா என்று உன் வீட்டில் கேட்டுச் சொல்.

பெட்டிக்குள் இருந்தது ஸ்டாண்டர்டு பேரிங்.

நிவால்தோ ஒரு தகட்டைத் திருப்பி முதுகில் பொறித்திருந்த அளவைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், பெட்டியை மூடினான். நான் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கடைக்குப் போனவளுக்கு அளவு தெரியாமல் இருக்கலாம். அந்தக் கிராங்கைச் சுமந்தவன் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே.

ஆனால் உன் அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த இஞ்சினோடு எத்தனை வருஷம் கிடந்த மனுஷன், அவருக்கா தெரியாது? இருந்தும் நிவால்தோவிடம், "பையன் அனுப்புனதத்தான் போடணும்" என்றார். "பல்லு போன வாயில அடுத்தவன் பல்செட்ட வெச்சாப்புல ஆடும், கெழவா" என்றான் அவன். "ஆடுனா ஆடட்டும், பின்னால தகரம் குடு" என்றார் இவர். வேறு வழி ஒன்று இருந்தது, நிவால்தோ செருப்புக் கதை சொல்லி ஒதுக்கிய அந்தப் பழைய பேரிங். அதில் ஒரு முக்கால் அளவு செட்டும் இருந்ததாம். வாங்கிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். நிவால்தோகூட இந்தத் தடவை இறங்கிவந்தான். உன் அப்பா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அதப் போட்டா இது வேண்டாம்னு ஆயிடும், பொண்ணே."

அவர் கார், அவர் தொண்டை. நான் விட்டுக்கொடுத்தேன்.

பீர் டப்பாவைக் கத்தரித்து ஒவ்வொரு பேரிங்குக்கும் பின்னால் இரண்டு பட்டை வைத்து இறுக்கினார்கள். இஞ்சின் கிளம்பியது. தெருவே வந்து நின்றது. உன் அப்பா எல்லோரிடமும், "மாஸ்கோவுல இருந்து வந்த சாமான், என் பையன் அனுப்புனான்" என்றார். முதல் நாள் போனோம், வந்தோம். இரண்டாம் நாள் போனோம், வந்தோம். மெதுவாகத்தான் ஓட்டினேன், கரும்பு வண்டிக்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான். மூன்றாம் நாள் போகும் வழியில், இருபுறமும் கரும்பைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், சத்தம் ஆரம்பித்தது. நிறுத்துவதற்குள் ராடு இஞ்சின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எண்ணெயெல்லாம் ரோட்டில்.

உன் அப்பா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பேரிங் நல்லாத்தான் இருந்துச்சு. எண்ணெய்தான் சரியில்ல" என்றார். அன்றைக்கு அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் கிடைத்த வண்டியில் கிடைத்த நாளில் போனோம். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு டாக்டர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அரைத்த கறுப்பு பீன்ஸ் தண்ணீர் மட்டும் இறங்குகிறது. பேச்சு நின்றுவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது.

ஆகவே இனி எந்த அளவிலும் எதுவும் அனுப்ப வேண்டாம். இஞ்சினுக்குள் சோற்றுத் தட்டையே வைக்கலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. நிவால்தோ இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறான். லிசெத் உன்னைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். நீ வருத்தப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். மார்ச் பற்றியும் நான் உன்னைக் கேட்கவில்லை. ரிப்பன் முடிச்சைப் பார்த்த அன்றே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதையாவது செய். எதிர்வீட்டுப் போன் எண் உன்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. போனின் கம்பி நம் வாசல் வரை எட்டும், அப்பாவை வாசலில் உட்காரவைத்து ரிசீவரை அவர் காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். மார்ச்சில் வருகிறேன் அப்பா, டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று சொல். குரல் தடுமாறாமல் சொல். வர வேண்டியதில்லை, ரெய்னியர். மார்ச் வரை அவர் இருக்கமாட்டார்.

நன்றாக இரு.

ஒதாலிஸ்