ரோமைச் சிப்பாயின் ரவிக்கை வெட்டு

மரியே வாழ்க

திருப்பூர்,
20.4.2006

அன்புள்ள அனுசுயாவுக்கு,

ராபின் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்க எனக்கு முகமில்லை. விரல் கொப்புளம் ஆறியதா என்று மட்டும் கேட்கிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். நடந்ததை அவர்களிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய். அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

போனில் பேசினால் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். என் புத்தி உனக்குத் தெரியாதா? அதனால், உனக்குத் தெரிந்ததையே என் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

பெரிய வெள்ளி நாடகத்தில் வரும் ஆறு ரோமைச் சிப்பாய்களுக்கும் கவசம் செய்து தருகிறேன் என்று ஃபாதரிடம் ஜம்பமாக ஒப்புக்கொண்டு வந்தவன் நான். பனியன் கம்பெனியில் பத்து வருடம் அயர்ன் போட்டவனுக்கு பிளாஸ்டிக்கை வளைப்பது ஒரு காரியமா என்ற நினைப்பு. பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மை வெட்டி, மேலே ஈரத் துணி போட்டு அயர்ன் பெட்டியால் தேய்த்தேன். முதுகுக்கு அழகாக வந்தது. மார்புக்கு வரவேயில்லை. இங்கே அமுக்கினால் அங்கே புடைத்தது. இரண்டு டிரம் பாழான பிறகு நான் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். நீதான் சிரித்துக்கொண்டே வந்து, "ரவிக்கைக்கு மார்பு வளைய டாட் புடிக்கோம்லா? அதே மாதி முக்கோணமா வெட்டி எடுத்துட்டு ரெண்டு ஓரத்தையும் சேருங்க" என்றாய். பேப்பரில் வெட்டியும் காட்டினாய். அடுப்பில் காய்ச்சிய கத்தியை நான் இடுக்கில் வைத்து, ஓரங்கள் இளகியதும் உருவுவேன். சூடு ஆறுவதற்குள் நீ விரலால் அழுத்திச் சேர்ப்பாய். ஆறு கவசமும் அப்படித்தான் உருவானது. உன் விரலும் அப்படித்தான் வெந்தது.

தோள்பட்டையை இணைக்க ரிவெட் ஆணி அடிக்கும்போதும், தையலுக்குத் துணி விடுவது போல ஓரத்தில் ஒரு விரற்கடை விடச் சொன்னாய். சாட்டையடிக்கும் சிப்பாயாக நடித்த நம் ஜெயபாண்டியின் கவசத்துக்கு நான் அவசரத்தில் ஓரத்தை ஒட்டியே அடித்துவிட்டேன். அதை அடித்தது நீ இல்லை, நான்தான்.

அவன் சாட்டையை ஓங்கியதும் தோள்பட்டை பிளந்து, கவசம் வயிற்றில் வந்து தொங்கியது. ஆண்டவர் பாடுபடும் நேரத்தில் சனம் சிரித்தது. நாடகம் முடிந்து, மார்பு வளைவை எப்படிக் கொண்டுவந்தாய் என்று ஃபாதர் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். ரவிக்கை டாட் என்றால் ஆம்பளைகள் கேலி செய்வார்களே என்று பயந்து, "எல்லாம் நம்ம கைவேலைதான் ஃபாதர்" என்றேன். அப்போ பிளந்தது யார் வேலை என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "அது எம் பொண்டாட்டி அடிச்சதுல்லா" என்றேன். என் நாக்கு அழுகிப்போக! மறுபடியும் சிரித்தார்கள். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நீ பெண்கள் பக்கம் நின்றாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்ததும் அம்மா வீட்டுக்கு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாய்.

ஈஸ்டர் பூசைக்கு நான் போகவில்லை. வீட்டுக்கார மருதம்மாள் அக்கா, "ஏந் தம்பி, பண்டிகையும் அதுவுமா புள்ளைய ஊருக்குத் தாட்டியுட்டுட்டு ஒத்தையில உக்கோந்திருக்கறீங்க?" என்று கேட்டார். மாமியாருக்கு மேலுக்கு முடியவில்லை என்றேன். அதற்கும் ஒரு பொய்.

திங்களன்று ஃபாதரிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். முப்பதாம் தேதி ஞாயிறு பூசை முடிந்து எனக்குப் பொன்னாடை போடப்போவதாக அவர் முந்திக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்படியும் ஒரு மனுஷன்.

நேற்று கம்பெனியில் டீ நேரத்தில் ஜெயபாண்டியிடம் உடைத்துச் சொன்னேன். "அடப்பாவி, அப்ப நாங்க ஆறு பேரும் ரவிக்கையவா மாட்டிக்கிட்டு நின்னோம்?" என்று பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் வரை செய்தி போய்விட்டது. இப்போது எனக்கு 'ரவிக்கை மாஸ்டர்' என்றுதான் பெயர். இதற்குப் பயந்தா உன்னைக் காட்டிக்கொடுத்தேன்! சிரித்து ஓய்ந்தபின், "தங்கச்சி கை இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

சாயங்காலமே ஃபாதரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட சொன்னா போதாது ராபின். சிரிச்சவங்க முன்னால சொல்லு" என்றார். முப்பதாம் தேதி மைக்கைக் கையில் தருவாராம்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். இப்படி எழுதுகிறேனே தவிர, இந்த வாய் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, அனு. அதற்காகவாவது வா. பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார். என் வாய் மறுபடி குழறினால் எழுந்து நின்று, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று சத்தமாகக் கேள். அன்றைக்கு நீ கேட்காமல் போன கேள்வி அது.

மாதா உன் விரலை ஆற்றட்டும்.

இப்படிக்கு,
பொன்னாடைக்கு அருகதையில்லாத
ராபின்