டங்ஸ்டன் என்று நான் எழுதவில்லை

மாத்தளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷிஃபான் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அதனால்தான் மெயில். முந்திய இரண்டுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. கோபம் என்றால் ஏசிவிடுங்கள், வாய்மூடி இருக்காதீர்கள்.

பிழை என்னுடையதுதான். எங்கள் சென்டரில் மார்பகப் படம் எடுக்கிற மெஷினுக்கு எக்ஸ்ரே டியூப் மாற்றியபோது, அதை எந்த அளவில் வைப்பது என்று உங்களிடம் கணக்குக் கேட்டேன். எலக்ட்ரோனைக் கம்ப்யூட்டரிலேயே உலோகத்தில் மோதவிட்டு, எவ்வளவு எக்ஸ்ரே பிறக்கும் என்று பார்க்கிறவர் நீங்கள். டியூப்புக்குள் என்ன உலோகம் என்று கேட்டீர்கள். பழையதுபோல மொலிப்டினம்தான் என்று எழுதினேன். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்திருந்தது டங்ஸ்டன். அதன் கதிரே வேறு. நீங்கள் மொலிப்டினத்துக்குப் போட்டு அனுப்பிய அட்டவணைப்படி ஏழு மாதமாக எடுத்த படமெல்லாம் ஒரே சாம்பல், கட்டி இருந்தாலும் தெரியாது. மெஷின் பழசு, அப்படித்தான் வரும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பிழை தெரிந்ததும் டொக்டர் அந்த ஏழு மாதத்தில் படம் எடுத்த நாற்பத்தொரு பெண்களையும், உம்மாவையும் சேர்த்து, திரும்பக் கூப்பிட்டார். மார்கிரட் அக்கா பல்லேபொலவிலிருந்து கொட்டுகிற மழையில் பஸ் ஏறி வந்தார். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மாவுக்குத்தான் இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை ஒபரேஷன். உம்மா மாட்டேன் என்கிறார்.

காரணம் நீங்கள், நானா. எங்கட மகன் கணக்குப் போட்ட படத்துல ஒன்னுமில்லன்டு வந்திச்சு, அவன்ட கணக்குப் பிழைக்குமா என்று உம்மா கண்டி டொக்டரிடமே கேட்டார். முதல் படம் சுத்தம் என்று நான் சொன்ன அன்று பாற்சோறு ஆக்கி வீதி முழுக்கக் கொடுத்தவர். டங்ஸ்டன் கதையை அழுதழுது சொன்னேன். அதெல்லாம் அவன் சேர்த்துத்தான் போட்டிருப்பான், என்னைய வெட்டக் குடுக்கப் பொய் சொல்றியா என்று எழும்பிப் போய்விட்டார்.

உங்கள் கணக்கு சரி. அது எனக்கும் தெரியும், அதைச் சரிபார்த்த உங்கள் பேராசிரியருக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கே உம்மாவுக்குப் போன் எடுத்து, என்ட கணக்குப் பிழைச்சுப் போச்சு உம்மா என்று சொல்லுங்கள். என் பெயரை இழுக்க வேண்டாம். இழுத்தால் தங்கச்சி சொல்லிக்கொடுத்தது என்பார். ஊரெல்லாம் உங்களைப் பற்றியே பேசுகிறவரிடம் அப்படிச் சொல்ல நாக்கு எழாதுதான். பிறகு ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருங்கள், தாங்கிக்கொள்வேன்.

அந்த ஒரு பொய்யை அல்லாஹ் உங்களுக்கு மன்னிப்பான். பாவத்தை என் கணக்கில் எழுதச்சொல்லித் துஆ கேட்கிறேன். வியாழனுக்கு முந்திச் சொல்லிவிடுங்கள், நானா.

உங்கள் தங்கச்சி,
நுஸ்ரா